கடைசிப் பந்தி

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழித் தொலைவு 152 கடல் மைல். முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு தொலைவே அன்று. நம் பாட்டன்மார் காலத்தில் கடற்கரை ஊர்களில் மதுரையைப் பார்த்தவர்களைவிடக் கொழும்பைப் பார்த்தவர்களே மிகுதி. தோணிகள் சரக்கேற்றிப் பாய் விரித்துப் போயின. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்த வழியில் வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் விடத்தான்.

பிற்காலத்தில் இவ்வழியில் பயணிகள் போக்குவரத்து அற்றுப்போயிற்று. நெடுங்கால இடைவெளிக்குப் பின், 2011 ஜூன் 13-ஆம் நாள், புனித அந்தோனியாரின் திருநாளன்றே, 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. ஒருகாலத்தில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். நம் கடலில் அதற்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோயிற்று. அந்த ஐந்து மாத இடைவெளிக்குள் நாம் ஒருமுறை அதில் போய்வந்தோம். குருவாகப் போனோம் என்று சொல்வதைவிட, ஓர் இசைக் கலைஞருக்குப் பெட்டி தூக்கியாகப் போனோம் என்பதே பொருந்தும்.

அப்போது நாம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றி வந்தோம். கோயில் பாட்டுக்கும் கூத்துக்கும் தலைமை ஏற்பவரை அவ்வூரில் அண்ணாவியார் என்பர். எங்கள் அண்ணாவியாருக்கு அப்போது வயது 63. நாற்பது ஆண்டுகளாக அவ்வூர்க் கோயிலில் ஆர்மோனியம் வாசித்து வந்தார். கொழும்பின் வடபகுதியில் ஒரு பங்கு. அங்குள்ள பரதவர் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் நம் கரையில்தான். திருவிழா மாலையில் ஒரு மணி நேரம் பழைய பக்திப் பாடல்களைப் பாடித்தர வேண்டும் என்று அவர்கள் அழைத்திருந்தார்கள். அண்ணாவியார், வயலின் வாசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தபேலா வாசிக்கும் உப்பளத் தொழிலாளி இளைஞன், பாடுவதற்கு இரு சகோதரிகள், நாம், ஆக அறுவர்.

இசைவாணரின் பயணம் எப்படிப்பட்டது என்பதை அன்றுவரை நாம் அறிந்திருக்கவில்லை. மேடையில் விளக்கு எரியும்போதுதான் நாம் அவர்களைப் பார்க்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருக்கிறது. அது முழுவதும் பெட்டி, மூட்டை, காத்திருப்பு.

துறைமுகச் சோதனையில் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்தவை: ஆர்மோனியம், அதைச் சுற்றி இரண்டு கம்பளிப் போர்வை, ஒரு பொட்டலம் சுக்கு, உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு, மிளகு. போர்வை தமக்குக் குளிருக்கு அன்று, ரீடுகளுக்குக் கடலின் ஈரம் ஏறாமலிருக்க என்று அண்ணாவியார் விளக்கினார். அதிகாரி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

ஏறத்தாழ 14 மணி நேரக் கடற்பயணம். மன்னார் வளைகுடாவைத் தாண்டியதும் கப்பல் ஆடத் தொடங்கியது. தபேலாத் தம்பிக்குக் குடலைப் பிடுங்கும் வாந்தி. கடற்கரையில் பிறந்தவனுக்கு இப்படியா என்று சகோதரிகள் கேலி செய்தார்கள். சற்று நேரத்தில் அவர்களும் படுத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றில் பாதிக்குமேல் எஞ்சிற்று. அண்ணாவியார் மட்டும் உறங்கவில்லை. தமது போர்வையையும் சேர்த்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு அருகில் அமர்ந்திருந்தார்.

அந்த இரவில்தான் அந்த ஆர்மோனியத்தின் வரலாற்றை அவர் சொன்னார். அவருடைய தந்தை தோணித் தொழிலாளி. முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும் ஆண்டுகளில் குளிக்கவும் போவார். 1961-உடன் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், குளிப்பில் கிடைத்த பணத்தைக்கொண்டு கொழும்பில் ஒரு கடையில் இதை வாங்கித் தோணியில் கொண்டுவந்தாராம். “வாங்கின ஊருக்கே திரும்பப் போகுது சாமி” என்றார் அண்ணாவியார். பிறகு, கேளாமலே, இன்னொன்றும் சொன்னார். அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு என்பது அந்நாளைய வழக்கம். அன்றன்றைக்குக் கரையிலேயே கூறு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். “நாளைக்குப் பார்ப்போம்ங்கிற பேச்சே கிடையாதாம். அப்பா சொல்லுவாரு.”

அவர் அதை நமக்காகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா என்று நமக்குத் தெரியாது. ஆனால் சுருக்கென்றது. அதற்கு ஓராண்டுக்கு முன், கொடியேற்றத்திலிருந்து தேர்ப்பவனி வரை பத்து நாளும் வாசித்ததற்கான தொகையைக் கொஞ்சம் கூட்டித் தரக் கூடாதா என்று அவர் நம்மிடம் கேட்டிருந்தார். ஆண்டவருக்குச் செய்யும் பணியல்லவா அண்ணாவியாரே, கணக்குப் பார்க்கலாமா என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அழகான மறுமொழி என்று அப்போது நமக்கே தோன்றியது.

காலையில் கொழும்புத் துறைமுகம். தம்பியால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆகவே ஆர்மோனியப் பெட்டியை நாம் தூக்கிக்கொண்டோம். வெயிலுக்கும் பயணத்துக்கும் ஏற்றபடி சாதாரண சட்டையும் காற்சட்டையும் அணிந்திருந்தோம். அங்கி கைப்பையில் மடிந்து கிடந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ஐந்துலாம்புச் சந்திக்கு அருகே ஒரு சிறு கடையில் காலை உணவு. இடியாப்பம், மஞ்சள் நிறச் சொதி, சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பல். ரொட்டியை அங்கே பாண் என்கிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் நம் தூத்துக்குடிக்கு விட்டுச்சென்றது மக்ரூன் என்று வயலின் ஆசிரியர் சொல்லிச் சிரித்தார். அண்ணாவியார் இரண்டு இடியாப்பத்தோடு நிறுத்திக்கொண்டு, வெந்நீர் வாங்கித் தம் சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்தார். பாடும் நாளில் தயிர் இல்லை, வாழைப்பழம் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை. நோன்பு என்று நாம் பெரிதாகப் போதிப்பதை அவர் தொண்டைக்காக ஆண்டில் பாதி நாள் ஓசையின்றிச் செய்துவருகிறார்.

பக்கத்தில்தான் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்து மறைந்து உழைத்த அந்தோனியோ என்னும் குருவின் நினைவோடு தொடங்கும் இடம் அது. தமிழர், சிங்களவர், இந்துக்கள், பௌத்தர் என எல்லாரும் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். புனிதரின் நாவின் சிறு பகுதி அங்கே திருப்பண்டமாக வைக்கப்பட்டுள்ளது என்று சொன்னதும், சகோதரிகள் இருவரும் தொண்டையைத் தொட்டு முத்தி செய்துகொண்டார்கள். அண்ணாவியார் பாடகர் குழு நிற்கும் இடத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாக் காலையில், அந்தக் கோயிலிலும் இலங்கையின் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாம் அப்போது வேறு பங்கில் இருந்தோம். அன்று பிற்பகல் அண்ணாவியார் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அங்க பாடிக்கிட்டு நின்ன பிள்ளைங்க என்னாச்சு சாமி?” நம்மிடம் விடை இல்லை.

2011-க்கே திரும்புவோம். நண்பகலில் பங்கு மண்டபத்தின் ஓர் அறையில் எங்களைத் தங்கவைத்தார்கள். திருவிழா அவசரத்தில் ஒருவர் சாப்பாடு அனுப்பியிருப்பார் என்று இன்னொருவர் நினைத்துவிட்டார், எவரும் அனுப்பவில்லை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. கடைசியில், பங்குத்தந்தைக்கு அன்பளிப்பாக வாங்கிச் சென்ற மக்ரூன் பொட்டலத்தை நாமே பிரித்தோம். பசித்த வேளையில் மக்ரூனைப்போல் ஏமாற்றும் பண்டம் வேறில்லை. வாயில் வைத்ததும் கரைந்து காணாமற்போகிறது.

அதற்குள் வேறொரு சிக்கல். எத்தனை போர்வை போர்த்தியும் ஈரம் ஏறி, ஆர்மோனியத்தில் ஒரு ரீடு ஊமையாகிவிட்டது. அண்ணாவியார் மேற்பலகையைக் கழற்றி, மெல்லிய காகிதத்தை நுழைத்துத் துடைத்து, ஊதி, ஒரு மணி நேரம் முயன்று பார்த்தார். அது பேசவில்லை. பிறகு அவர் செய்ததுதான் வித்தை. வழக்கமான சுருதியைவிட அரைக் கட்டை ஏற்றி வாசித்தால் அந்த ஊமைக் கட்டை பெரும்பாலான பாடல்களில் குறுக்கே வராது என்று விரலாலேயே கணக்கிட்டுக்கொண்டார். குறுக்கே வரும் பாடல்கள் இரண்டை நீக்கினார். சகோதரிகளுக்கு மேல்சுருதி எட்டுமா என்று பார்க்க, மூடிய கதவுக்குள் மெல்லப் பாடவைத்தார். அந்த ஒரு மணி நேரமும் பசி எவருக்கும் நினைவில்லை.

மாலைத் திருப்பலிக்குப் பின் தேர்ப்பவனி. அது சுற்றி வரத் தாமதமாயிற்று. எங்களுக்கு என்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடமாகச் சுருங்கியது. மேடையை ஒட்டி மின்னாக்கி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு சுருதி இருந்தது, எங்கள் சுருதியோடு சேராத சுருதி. முதற்பாட்டை எவரும் கேட்கவில்லை. குழந்தைகள் பலூனுக்கு அழுதார்கள். மக்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்கள். நமக்கு எரிச்சலாக வந்தது. அண்ணாவியார் கண்களை மூடிக்கொண்டார். அடுத்ததாக, நம் கரையில் மாதா நவநாளில் பாடப்படும் மிகப் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். இரண்டாம் அடியில் முன்வரிசை மூதாட்டி ஒருவர் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு சேர்ந்து பாடினார். பின் இன்னொருவர். அவர்கள் கடைசியாக அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்றோ! சொற்கள் சில மாறியிருந்தன, மெட்டு ஓரிடத்தில் வேறாக வளைந்தது. அண்ணாவியார் உடனே தம் மெட்டை விட்டுவிட்டு அந்த மூதாட்டியின் மெட்டுக்கு வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பாட்டு முடிந்தபோது மின்னாக்கியின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. பிறகு, நேரமாகிவிட்டது என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

இனி உணவு. நாம் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

பெட்டியைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்தின் வெளித்திண்ணைக்குப் போனோம். தொண்டு செய்த இளைஞர் ஒருவர், “பாட்டுக்காரர் எல்லாம் இங்கே இருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ” என்றார். நம்மையும் பாட்டுக்காரராகவே எண்ணிக்கொண்டார். மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. உள்ளே நீண்ட மேசை. குருக்கள், புரவலர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர்கூட. மஞ்சள் சோற்றின் மணமும் கோழிக்கறி மணமும் சன்னல் வழியே வந்தன. ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. ஆர்மோனியப் பெட்டியின்மேல் இருவர், தரையில் மூவர், தூணில் சாய்ந்து நாம். எவரும் வேண்டுமென்று எங்களை அவமதிக்கவில்லை என்பதை நாம் உறுதியாகச் சொல்வோம். மறந்துபோனார்கள், அவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாவில் இதே நேரத்தில் அண்ணாவியார் எங்கே அமர்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். நமக்குத் தெரியவில்லை. மூன்று திருவிழாக்களில் ஒருமுறைகூட நாம் அதைப் பார்த்ததில்லை.

அப்போது பங்குத்தந்தை கைகழுவ வெளியே வந்தார். நம்மை அடையாளம் கண்டு பதறிப்போனார். “ஃபாதர், நீங்கள் இங்கேயா?” என்று கையைப் பற்றி இழுத்தார். நூறு மன்னிப்புக் கேட்டார். உள்ளே வரச் சொன்னார். எங்கள் ஐவரையும் பார்த்து, இதோ அவர்களுக்கும் அனுப்புகிறேன் என்றார்.

நாம் திரும்பி அண்ணாவியாரைப் பார்த்தோம். “நீங்க போயி சாப்பிட்டு வாங்க சாமி, பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நாம் எழுந்து உள்ளே போனோம்.

போகாமல் இருந்திருக்கலாம். அவர்களும் வரட்டும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நல்ல குரு மறுத்திருக்க மாட்டார். நாம் சொல்லவில்லை. பசி ஒரு காரணம். பசியைவிடப் பெரிய காரணம், அடையாளம் காணப்பட்டதில் நமக்கு உண்டான நிம்மதி. மேசையில் வட்டிலப்பம் வைத்தார்கள். மிகச் சுவையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். வெளியே திரும்பியபோது பாணும் பருப்புக்கறியும் அவர்களுக்கு வந்திருந்தன, உண்டு முடித்திருந்தார்கள். தம்பி மண்டபத்துக்குப் போய் உறங்கிவிட்டான். ஆர்மோனியத்துக்கு மீண்டும் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார் அண்ணாவியார்.

திரும்பும் கப்பலில் நாம் மேல்தளத்தில் கட்டளைச் செபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, செபிக்காமல் அமர்ந்திருந்தோம். நெகேமியா நூலின் 13-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்திருந்தோம். நெகேமியா இல்லாத சமயத்தில் குரு எலியாசிபு, லேவியருக்கும் பாடகருக்கும் வாயிற்காப்போருக்கும் உரிய தானியமும் இரசமும் எண்ணெயும் வைத்திருந்த கோயில் அறையைச் செல்வாக்குள்ள தோபியாவுக்குத் தங்கும் அறையாக ஒழித்துக்கொடுத்துவிட்டார். பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் கோயிலை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். திரும்பி வந்த நெகேமியா தோபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அலுவலரைக் கடிந்துகொண்டார், பாடகரைக் கூட்டிவந்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். கூலியைக் கேட்டதற்காகப் பாடகரை அவர் கடிந்ததாக எங்கும் இல்லை. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டும் 29-ஆம் எண்ணில் பாடகர் குழுவினர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்றே சொல்கிறது. இதை நாம் பல கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியவர்கள்.

புகழ்பெற்ற மேடைகளிலும் ஒரு திண்ணை உண்டு. 1966 அக்டோபரில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியதை நாடே அறியும். அன்று அவர் பாடிய ஆங்கிலப் பாடலை எழுதியவர் இராஜாஜி என்பதையும் பலர் அறிவர். அதற்கு இசை அமைத்துத் தந்தவர் ஹேண்டல் மானுவல் என்னும் தமிழ்க் கிறிஸ்தவ இசைஞர், சென்னைப் புனித ஆந்திரேயா கிர்க் ஆலயத்தின் ஆர்கன் கலைஞர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அண்ணாவியார் மேலே ஏறி வந்தார். கையில் ஓர் உறை. கொழும்பில் கொடுத்த அன்பளிப்பு. அதை எண்ணி, ஆறு கூறாக வைத்தார். ஒரு கூற்றை நம்மிடம் நீட்டினார். நமக்கு எதற்கு என்று கேட்டோம். “நீங்களும் பெட்டி தூக்கினீங்கல்லா சாமி” என்றார். கேலியோ குறையோ அந்தக் குரலில் இல்லை. கூறு வைத்தால் கரையிலேயே கொடுத்துவிட வேண்டும். அவர் அப்பாவின் வழக்கம். நாம் வாங்கிக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்லும் தகுதி அப்போது நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் பங்கு அலுவலகத்தில் பழைய திருவிழாக் கணக்கேடுகளை எடுத்துப் பார்த்தோம். பந்தல், மின்விளக்கு, வாண வேடிக்கை, பேண்டு வாத்தியம், மறையுரையாளர் என்று தனித்தனித் தலைப்புகள். பாடகர் குழுவைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் கண்டோம். 'இதரச் செலவுகள்' என்பதன் கீழ், கயிறுக்கும் குண்டூசிக்கும் நடுவே. நிதிக்குழுவில் பேசி, முதற்பக்கத்துக்கு மாற்றி, தொகையையும் கூட்டினோம். சிலர் முணுமுணுத்தார்கள். ஆண்டவருக்குச் செய்யும் பணியல்லவா என்று நாம் சொன்ன அதே சொல்லை நமக்கே திருப்பிச் சொன்னார்கள். அதற்குச் சரியான மறுமொழி அன்றும் நமக்கு வாய்க்கவில்லை. கணக்கை மட்டும் மாற்றினோம்.

அத்துடன் நில்லாமல், 2012 திருவிழாவில் பாடகர் குழுவினர் முதற்பந்தியில் அமர வேண்டும் என்று கட்டளையிட்டோம். மாலை ஆறு மணிக்கு இலை போட்டாயிற்று. எல்லாரும் அமர்ந்தார்கள். அண்ணாவியார் மட்டும் கைகட்டி நின்றார். அமருங்கள் என்று வற்புறுத்தினோம். அவர் சங்கடப்பட்டார். பிறகு நம் காதருகே வந்து, “பாடுறதுக்கு முன்னால சாப்பிட்டா மூச்சு நிக்காது சாமி. நாற்பது வருசமா கடைசியிலதான் சாப்பிடுதேன். அது ஒண்ணும் குறையில்ல. சூடா மட்டும் இருந்தாப் போதும்” என்றார்.

ஓராண்டாக நாம் அவருக்காகக் கட்டிய நீதி மாளிகையில் அவருக்கு வேண்டிய அறையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவரை நாம் கேட்டிருந்ததே இல்லை.

சமையற்காரரிடம் சொல்லி, இருவருக்கு மட்டும் சோறும் மீன்குழம்பும் அடுப்பிலிருந்து இறக்காமல் வைக்கச் சொன்னோம். நற்கருணை ஆசீர் முடிந்து, வாண வேடிக்கை முடிந்து, கூட்டம் கலைந்தது. அண்ணாவியார் துருத்தியை மூடி, பெட்டியைப் பூட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மணி பதினொன்றரை. பந்தலில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இலை போட்டு எதிரெதிரே அமர்ந்தோம். நமக்குக் கண்கள் சொக்கின. அவ்வளவு நேரம் பசித்திருந்து பழக்கமில்லை. அண்ணாவியார் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டார்.

“உப்பு கொஞ்சம் கம்மி சாமி” என்றார்.

நாம் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தோம்.